எந்த ஊர்

பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள் வெள்ளையக்கா.
பிரிக்கக் கூடாது, கிருமி நீக்கி மூடியது என்றேன்.
மேலட்டைப் படத்தைக் காட்டினேன்:
வளைந்து, வழவழத்து,
நாளை மறுநாள் அவள் இடது காலுக்குள் போகவிருக்கும் மூட்டு.

"இது எந்த ஊரு?"

மதுரையில் இதைக் கேள்வி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.
வெற்றிலைக்குச் சோழவந்தான்.
பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும்
மாட்டுத்தாவணி வருவதற்குள் ஒரு ஊர் தெரிந்துவிடும்,
பாதி நாள் ஒரு சித்தப்பாவும்.

ஸ்டிக்கரைப் படித்தேன்.
அளவு நான்கு. இடது. லாட் எண்.
கோபால்ட், குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம்.
கம்பெனியின் கதவு எண், தெரு, காலாவதித் தேதி.

"அது செஞ்ச எடம்ல.
தோண்டுன எடத்தக் கேக்குறேன்."

பதினாறு வருடமாக ஸ்டோரில் இருக்கிறேன்.
விலை கேட்டிருக்கிறார்கள், எத்தனை வருஷம் உழைக்கும்,
காப்பீட்டு அட்டையில் வருமா,
ஏர்போர்ட்டில் மணி அடிக்குமா என்று.

அவள் மேலூர்ப் பக்கம்.
குவாரியில் சக்கை அள்ளிப் போட்டுத்தான்
மூட்டு இப்படித் தேய்ந்தது.
அவள் ஊர்ப் பெயரில் இன்னும் ஒரு மலை இருக்கிறது;
டிக்கெட் எடுத்து இறங்கினால்
பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம்.
பாலிஷ் போட்டுக் கப்பலேறிய அந்த மலைமேல்
யாரோ இந்நேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கலாம்.

"அங்கன ஒருத்தரும் இது எந்த ஊருன்னு
கேட்டிருக்க மாட்டாக.
நானாச்சும் கேட்டுப்புடுறேன்.
வேணாம்னு சொல்லல தம்பி, எனக்கு நடக்கணும்."

கம்பெனிக்கு எழுதினேன்.
விற்பனைப் பிரதிநிதி செல்வின் சிரித்தான்:
"சார், மடங்குதா நீளுதான்னு கேளுங்க,
மண்ணு எதுன்னு ஏன் கேக்குறீங்க?"

வியாழக்கிழமை டாக்டர் நஸ்ரீன் பொருத்தினார்.
சனிக்கிழமை வாக்கரைத் தள்ளிக்கொண்டு
ஸ்டோர் ஜன்னல்வரை வந்துவிட்டாள்.
"பதிலு வந்துச்சா?"

பத்தொன்பதாம் நாள் வந்தது.
பொருந்தக்கூடிய எல்லா விதிகளுக்கும் உட்பட்டே
தாங்கள் நடப்பதாக ஒரு பத்தி.
கடைசியில் ஒரு வரி:
உலையில் உருகிய பின் மூலத்தைப் பிரித்தறிய இயலாது.

இதே வரியை முன்பு கேட்டிருக்கிறேன்,
என் மனைவி சங்கிலியைப் பறிகொடுத்த வாரம்,
ஸ்டேஷன் மரபெஞ்சில்.
உருக்கியிருப்பாங்க சார். இனி ஒண்ணும் பண்ண முடியாது.

அன்று சாயங்காலம் இருப்புப் பதிவேட்டில்
குறிப்புகள் என்ற பத்திக்கு வலப்பக்கம்
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.
தலைப்பு: எந்த ஊர்.

அறுபத்தொரு வரிசை கீழே இறங்கியது,
வெள்ளையாகவே.
ஆடிட்டர் பேனா முனையால் தட்டிக் காட்டினார்.
"இது என்ன காலம்?"
"நிரப்பணும் சார்," என்றேன்.
அவரும் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்.
திருமங்கலம் என்றேன். அவர் வாடிப்பட்டி.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பங்குனியில் டெண்டர்.
நிபந்தனைகளில் பதினேழாவதாகச் சேர்த்தேன்:
உலோகம் எடுத்த சுரங்கம், அங்கே வேலை செய்வோர் வயது,
கூலி, தோண்டிய பிறகு நிலத்துக்கு என்ன செய்தார்கள்.
ஐந்து கம்பெனி. நான்கில் அந்த இடம் காலி.
ஒன்றில் மட்டும் ஒரு பெயர்,
ஐந்தெழுத்து, நடுவில் என் நாக்கு தடுக்குகிறது.
கூலிச் சீட்டு நகல் இரண்டு.
மூட்டு ஒன்றுக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது கூடுதல்.
உண்மையோ என்னவோ, பார்த்து வர எனக்கு வழியில்லை.
கோப்பு கமிட்டியில் கிடக்கிறது,
மேலே ஒரு மஞ்சள் சீட்டு: விலை?

வெள்ளையக்காவுக்கு போன் போட்டேன்.
பின்னால் மினிபஸ் ஹாரன், யாரோ ஆட்டை அதட்டுகிறார்கள்.
பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
இரண்டு முறை தப்பாகச் சொல்லிப் பார்த்தாள்,
மூன்றாவது முறை அவள் ஊர்ச் சாயலில் சரியாக வந்தது.

"அங்கன மலை இருக்கா?"

இருக்கும் என்றேன்.

"இருக்கா, இருந்துச்சா?
அதக் கேட்டு எழுதுங்க."